முள் முதல், கம்பு கடைசி

பேராவூரணி சேது சாலையில் எங்கள் கடை கயிற்றுக் கடையாகத்தான் தொடங்கியது. தென்னை ஏறுகிறவர்களுக்கு வடம், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, அறுவடைக்குச் சாக்கு, சாக்குத் தைக்கக் கோணி ஊசி. தூண்டில் சாமான் ஓரமாக ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது. அந்த டப்பாவைத் திறக்கச் சொல்லி இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஆவணம், திருச்சிற்றம்பலம், ஒட்டங்காடு பக்கத்து ஏரி குளத்துக்காரர்கள் ஒரு வகை. சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம், கழுமங்குடா என்று கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இன்னொரு வகை. குளத்துக்காரருக்கு விரால் வேண்டும். கடற்கரைக்காரருக்குக் கொடுவா. இரண்டு மீனுக்கும் நடுவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த அனுபவம்தான் என்னுடையது.

இப்போது பிஸ்கட் டப்பா போய்க் கண்ணாடி அலமாரி வந்துவிட்டது. சுவரில் வரிசையாக ராடுகள். கடைக்குள் நுழைகிற பையன் முதலில் ராடைத்தான் எடுப்பான். ஆட்டிப் பார்ப்பான், வளைத்துப் பார்ப்பான், நண்பனிடம் கொடுத்து செல்போனில் படம் எடுக்கச் சொல்வான். கையில் இருக்கிற பணத்தில் முக்கால்வாசி அதற்கே போய்விடும். மிச்சத்தில் ஒரு ரீல். முள்ளும் நரம்பும் சில்லறைக்கு. நான் கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போடச் சொல்கிறவன். மீன் வாயில் கவ்வுவது முள்ளை. அடுத்தது முள்ளுக்கு மேலே ஒரு பாகம் நரம்பு. அதற்குப் பின்னால்தான் மீதி நரம்பு, ரீல், கம்பு எல்லாம். அறுவதும் நிமிர்வதும் எப்போதும் முன்பக்கத்தில்தான் நடக்கும். கம்பு உடைந்து மீன் போனது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அபூர்வம்.

அப்பா காலத்தில் முள் என்றால் மஸ்டாட்தான். நார்வேக்காரர்கள், 1832-இல் தொடங்கிய கம்பெனி. ஊருக்குள் யாருக்கும் நார்வே எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனால் மஸ்டாட் என்று சரியாக உச்சரிப்பார்கள். முள்ளின் நம்பர் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். 12-ஐவிட 8 பெரியது, 8-ஐவிட 4 பெரியது. 1 வரைக்கும் நம்பர் குறையக் குறைய முள் பெரிதாகும். அதற்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று ஏறுவரிசை. ஜிலேபிக் கெண்டைக்கு 10, 12 போதும். விராலுக்கு 1/0-க்குக் கீழே இறங்கக் கூடாது, ஏனென்றால் அதன் வாய் முழுக்க எலும்பு. கொடுவாவுக்கு 3/0-இலிருந்து பார்க்கலாம்.

வாங்கும்போது எல்லோரும் முள்ளின் பெரிசு சிறிசை மட்டும் பார்ப்பார்கள். நான் கட்டைவிரல் நகத்தின் மேல் முள் முனையை வைத்து லேசாக இழுத்துக் காட்டுவேன். நகத்தில் கீறல் போட்டுக்கொண்டு நின்றால் நல்ல முள். வழுக்கிக்கொண்டு ஓடினால் அதை விராலின் தாடையில் ஏற்ற முடியாது, எவ்வளவு பெரிய ராடு வைத்திருந்தாலும் முடியாது. இன்னொன்று, கருப்பு முள்ளைக் கடலுக்கு வாங்கக் கூடாது. ஒரு தடவை உப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவாமல் வைத்தால் மறுநாள் காலையில் துரு பூத்திருக்கும். கடற்கரைக்காரர்கள் ஈயப்பூச்சு போட்ட வெள்ளை முள்ளைத்தான் கேட்டு வாங்குவார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நரம்பை அப்போது பாகம் கணக்கில் அளந்து விற்போம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா கடையில் இல்லாத நேரத்தில் சிலர் வாங்க வரமாட்டார்கள், என் கை குட்டை என்று. குளத்துக்காரர்கள் நரம்பு என்பார்கள், கடற்கரையில் தங்கூசி. 40 நம்பர் என்றால் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 0.40, 60 நம்பர் என்றால் 0.60. இந்தக் கணக்கு நேர்மையானது. தடிமனை யாரும் ஸ்குரூ கேஜ் வைத்து அளந்துவிடலாம். அட்டையில் அச்சடித்த எடை விஷயம் அப்படி இல்லை. இத்தனை பவுண்டு தாங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். 20 பவுண்டு என்றால் ஏறத்தாழ 9 கிலோ.

அதைச் சோதிக்கக் கடைப் பின்கட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. உத்தரத்தில் ஒரு கொக்கி. அதிலிருந்து நரம்பில் ஒரு பாகம் தொங்கும், கீழே பிளாஸ்டிக் வாளி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. லிட்டர் படியால் ஊற்றிக்கொண்டே போனால் எங்கே அறுகிறதோ அதுதான் அந்த நரம்பின் உண்மையான பலம். வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நரம்பு நடுவில் அறுவதே இல்லை, முடிச்சில்தான் அறும். அதையும் வாடிக்கையாளரின் கண்முன்னால் காட்டுவேன். ஒரே நரம்பில் ஒரு முடிச்சை உலர்ந்தபடியே சரக்கென்று இறுக்குவேன், இன்னொன்றை எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குவேன். உலர்ந்து இறுக்கியது முன்னால் அறுந்து வாளி தடாலென்று விழும். உரசும் சூட்டில் நைலான் வெந்துவிடுகிறது, அவ்வளவுதான் சங்கதி. எச்சில் தொடு என்று நூறு தடவை சொல்வதைவிட வாளி விழுகிற சத்தம் ஒரு தடவை கேட்டால் போதும்.

நைலானுக்கு முதல் எதிரி வெயில். பஜாரில் சில கடைகளில் கலர் கலராக நரம்புச் சுருளை வாசலில் தோரணம் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒரு கோடை அப்படித் தொங்கினால் அந்த நரம்பு வறுத்த சேமியா மாதிரி ஒடியும். எங்கள் கடையில் நரம்பு இருப்பது இருட்டு அலமாரியில். வெளியே வைத்தால்தான் விற்கும் என்று விற்பனைப் பிரதிநிதிகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

கழுமங்குடாவிலிருந்து ஒரு பெரியவர் வருவார். கம்பு, ரீல் எதையும் தொட்டதில்லை. கைத்தூண்டில்தான். ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார். சுருளிலிருந்து நரம்பை இழுத்துக் கீழ் உதட்டில் வைத்து உருவிக்கொண்டே போவார். விரலுக்குத் தெரியாத சிராய்ப்பு உதட்டுக்குத் தெரியும். எங்காவது தட்டினால் அந்த இடத்தில் வெட்டி எறிந்துவிட்டு, "தம்பி, இதைக் கணக்குல சேர்க்காதே" என்பார். கொடுவா பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித்தான். அக்னியாற்று முகத்துவாரத்தில், ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீர் இறங்கிக் கடல் கலங்கும்போது, உயிர் இறாலைக் குத்திப் போட்டு உட்கார்ந்திருப்பார். நிலாவையும் ஏற்றவற்றத்தையும் பார்த்துத்தான் வீட்டிலிருந்தே கிளம்புவார். ஏற்றம் தொடங்கும்போதும் வற்றம் தொடங்கும்போதும்தான் கொடுவா வாய் திறக்கும், நடுவில் உட்கார்ந்திருப்பது கொசுக்கடிக்குத்தான் என்பது அவர் கட்சி.

ஒரு நாள் அறுந்த நரம்பைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பிய்ந்திருந்தால் நுனி சுருண்டு வெளுத்திருக்கும். இது பிளேடால் வெட்டினது போல நேராக இருந்தது. "பல்லா மாமா?" என்றேன். "கொடுவாக்கு ஏதுடா பல்லு? செவுளு!" என்று தன் கன்னத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அடுத்த நாள் கட்டுமாவடி மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கொடுவாவின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஓரம் முழுக்க அரிவாள் பதம், நடுவில் ஒரு முள். வாய்க்குள் விரலை விட்டால் உப்புத்தாள் தேய்த்தது போலச் சொரசொரப்பு. மீன் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும்போது நரம்பு அந்தச் செவுளின் ஓரத்தில் ஒரு தடவை உரசினால் போதும். அதனால்தான் முள்ளுக்கு முன்னால் ஒரு பாகத்துக்குத் தடித்த நரம்பு, 60 நம்பரோ 70 நம்பரோ, தனியாகக் கட்டுவது. இன்றைய பையன்கள் அதை லீடர் என்கிறார்கள். பெரியவர் அதற்குப் பேர் எதுவும் வைத்ததில்லை. ஒரு பாகம் தடிசு கட்டு என்பார்.

கொடுவாவைப் பற்றி இன்னொரு விஷயம், வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எல்லாம் ஆண். வளர்ந்து சில வருஷங்கள் ஆன பிறகு பெண்ணாக மாறும். ஒன்றரை மீட்டர் நீளம்கூட வரும். இதைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைப்பதில் இந்தியாவில் முதலில் வெற்றி கண்டது சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், முட்டுக்காட்டில், 1997-இல். அதற்குப் பிறகு இறால் குட்டைக்காரர்கள் சிலர் கொடுவாவுக்கு மாறினார்கள். குட்டையில் தீவனம் தின்று வளர்ந்த கொடுவாவுக்கும் முகத்துவாரத்துக் கொடுவாவுக்கும் முள்ளில் மாட்டிய பிறகு இருக்கிற வேகம் ஒன்றல்ல.

ரீல் எங்கள் பக்கம் பரவலாக வந்தது 2000-க்குப் பிறகு. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் முதலில் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரில் லீவு நாளில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள் பெட்டிக்குள் இரண்டு துண்டு ராடும் ஒரு ரீலும் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்பேர் வாங்க எங்கள் கடைக்கு வருவார்கள், எங்களிடம் இருக்காது. அவர்கள் விட்டுப்போன பழைய ரீலைப் பிரித்துப் பிரித்துத்தான் ரிப்பேர் கற்றுக்கொண்டேன். ரீலில் முன்னால் ஒரு திருகு இருக்கிறது, டிராக் என்பார்கள். மீன் இழுத்தால் நரம்பை எவ்வளவு இறுக்கத்தில் விட வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. முக்கால்வாசிப் பேர் அதைக் கடைசிவரை இறுக்கி வைத்துவிடுவார்கள். கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுத்து, நரம்பின் பலத்தில் கால்வாசிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் நரம்பு வெளியே ஓடத் தொடங்கும்படி வைத்துக்கொடுப்பேன். வீட்டுக்குப் போய் மறுபடி இறுக்கிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

பிறகு பிரெய்டு வந்தது. பாலித்தீன் இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு. அதே தடிமனில் நைலானைவிட ரொம்ப பலம், இழுத்தால் நீளவே நீளாது. நைலான் ரப்பர் கணக்காகக் கொஞ்சம் இழுபடும். தூரத்தில் விரால் கவ்வியதை நைலானில் உணர்ந்து வெட்டி இழுப்பதற்குள் அது அல்லிக்கொடிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். பிரெய்டில் அது மூச்சுவிட்டாலே கையில் தெரியும். கொடியை அறுத்துக்கொண்டு மீனை மேலே கொண்டுவரும். குளத்துக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். கடற்கரையில் அத்தனை சந்தோஷம் இல்லை. பாலத்துத் தூணில் ஒட்டியிருக்கிற ஆளி ஓட்டிலோ அலையாத்தி வேரிலோ லேசாக உரசினாலும் பிரெய்டு இழை இழையாகப் பிரிந்துவிடும். அங்கேயும் அந்த ஒரு பாகம் தடித்த நைலான்தான் காப்பாற்றும். பிரெய்டு வழுக்கும் நரம்பு என்பதால் நைலானுக்குப் போடுகிற முடிச்சு அதில் நிற்காது. ரீலிலேயே வழுக்கிச் சுற்றும். அடியில் கொஞ்சம் நைலானைச் சுற்றி அதன் மேல் பிரெய்டை ஏற்றித்தான் கொடுக்கிறேன். அப்படிச் செய்தால் விலை உயர்ந்த நரம்பு கொஞ்சம் மிச்சமாகும். கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதே என்பதை மட்டும் மறக்காமல் ஒவ்வொருவரிடமும் சொல்வேன். விரலை அறுத்துவிடும்.

இந்தச் சாமான்களோடு சேர்ந்து பாஸ் என்ற பெயரும் கடைக்கு வந்தது. பாதி ராடுகளில் அதுதான் எழுதியிருக்கும். பையன்கள் கேட்பார்கள், "அண்ணே, பாஸ்னா எந்த மீனு?" அமெரிக்காவில் குளத்திலும் ஏரியிலும் இருக்கிற பெரிய வாய் மீன் அது. நம் ஊரில் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் 1932-இல் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்தது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்தது ஏறக்குறைய அதே எடை. அந்த மீனுக்காக உலகத்தில் ஒரு பெரிய தொழிலே ஓடுகிறது. அங்கே தாமரை இலை மேல் இழுத்துவர என்று செய்த ரப்பர் தவளை நம்மூர் அல்லிக் குளத்தில் விராலுக்கு அப்படியே பொருந்தியது. ஏனென்றால் இரண்டு மீனும் ஒளிந்திருந்து பாய்கிறவை. தவளையின் இரண்டு முள்ளும் அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், கொடியில் மாட்டாது. விரால் கடித்து ரப்பர் அமுங்கினால்தான் முள் வெளியே வரும். மலிவாக வருகிற தவளைகளில் ரப்பர் கெட்டியாக இருக்கும், அமுங்காது. விரலால் அழுத்திப் பார்த்து வாங்க வேண்டும். பாய்ந்தவுடன் வெட்டக் கூடாது, ஒன்று இரண்டு எண்ணிவிட்டு வெட்ட வேண்டும். கொடுவாவுக்கு விற்கிற பிளாஸ்டிக் மீன்களில் மூன்று முனையுள்ள முள் தொங்கும். அதையும் மலிவுச் சரக்கில் நம்ப முடியாது. குறடால் லேசாக நெருக்கினாலே நிமிரும். மீனை வாங்கிய கையோடு முள்ளை மாற்றிவிடச் சொல்வேன்.

இப்போது கம்புக்கு வருகிறேன். கல்மூங்கில்தான் பழைய காலத்து ராடு. உள்ளே பொள்ளல் இல்லாத மூங்கில். நிழலில் காயவைத்து, கணுவைச் சீவி, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் வருஷக்கணக்கில் வரும். ஜிலேபிக் கெண்டைக்கு இன்றைக்கும் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து; கடை வைத்திருக்கிறவன் சொல்லக்கூடாத கருத்து. பிறகு ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மடக்கு ராடு வந்தது. டிவிஎஸ் எக்ஸெல் பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கடல் மணல் ஒரு பொட்டு உள்ளே போனால் மடக்க வராது. நுனித் துண்டுதான் முதலில் உடையும். மேஜை இழுப்பறை நிறைய அந்த நுனித் துண்டுகள் வைத்திருக்கிறேன். விராலுக்கு 7 அடியில் விறைப்பான இரண்டு துண்டு ராடு நல்லது, மீனைக் கொடிக்கு மேலே தூக்கிக்கொண்டு வர வேண்டும். கொடுவாவுக்கு அடி கெட்டியாகவும் நுனி கொஞ்சம் வளைகிறதாகவும் இருக்க வேண்டும். மீன் எகிறும்போது நுனியைத் தாழ்த்திக் கொடுக்க வேண்டும். விறைத்த நுனி முள்ளைப் பிடுங்கிவிடும். பிரெய்டு போடுகிற ராடாக இருந்தால் வளையத்துக்குள் பஞ்சைச் சுற்றி இழுத்துப் பார்ப்பேன். வெடிப்பு இருந்தால் பஞ்சு மாட்டும், அந்த வெடிப்பு நரம்பைத் தின்றுவிடும்.

கார்பன் ராடு வாங்குகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நம் பக்கம் வாய்க்கால் கரையோரமாகவும் வயலுக்குக் குறுக்காகவும் பம்புசெட்டுக்குப் போகிற கம்பிகள் தாழ்வாகத் தொங்குகின்றன. கம்பிக்குக் கீழே ராடை வீசக் கூடாது. இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு விலகிவிட வேண்டும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தூண்டில் சாமான் கேட்டு ஒருவரும் வரவில்லை. தென்னந்தோப்பு வைத்திருந்த வாடிக்கையாளர்கள் வடம் வாங்க வந்தார்கள், ஏறுவதற்கு அல்ல, விழுந்த மரத்தைக் கட்டி இழுப்பதற்கு. குளத்துக்குள் விழுந்த மரங்கள் அப்படியே கிடந்தன. அதற்கடியில் விரால் குடியேறியது. அங்கே தூண்டில் போட்டவர்களுக்கு நரம்பு அறுந்துகொண்டே இருந்தது, நரம்பு விற்பனை திரும்ப உயிர்பெற்றது அப்படித்தான். கைஃபா என்ற விவசாயிகள் அமைப்பின் இளைஞர்கள் எங்கள் ஊர்ப் பெரியகுளத்தைத் தூர்வாரியதும் அந்தப் புயலுக்குப் பிறகு வந்த கோடையில்தான். கல்லணைக் கால்வாய் 1934-இல் வந்ததிலிருந்து நாங்கள் கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து முதலில் வற்றுகிற இடம். குளம் ஆழமானால் மீன் நிற்கும், மீன் நின்றால் கடை ஓடும். 2020 ஊரடங்கில் கடை திறக்க அனுமதி கிடைத்த நேரத்திலெல்லாம் கூட்டம். சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்து, மத்தியானம் லேப்டாப்பை மூடிவிட்டு நேரே கடைக்கு வந்தார்கள். ஒரு பெட்டி பிரெய்டு வாங்கிக்கொண்டு யூடியூப்பில் பார்த்த முடிச்சை என்னிடமே சொல்லிக்கொடுத்தார்கள். சில முடிச்சுகள் நன்றாகவே இருந்தன.

சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குளம் யாருடையது என்ற கேள்வி பாக்கி இருக்கும். மீன்பாசி ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் விட்டு வளர்க்கிற குளத்தில் கேட்காமல் போய் ராடை விரித்தால் வம்புதான். விரால்தான் பிடிக்கிறேன், அது தானாக வந்த மீன் என்று சொன்னால் எடுபடாது. கடைக்கே சண்டை வந்திருக்கிறது, நீதானே தூண்டில் வித்தே என்று. இப்போது குத்தகைக்காரர்கள் சிலர் எனக்கும் வாடிக்கை. மாவு வைத்துக் கெண்டை பிடிக்கக் கூடாது, ரப்பர் தவளை மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். விரால் அவர்கள் விட்ட குஞ்சைத் தின்கிற மீன், போனால் நல்லது என்ற கணக்கு.

போன மழைக்காலத்தில் நாடியம் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். செல்போனில் வீடியோ காட்டினான். அல்லி இலைகளுக்கு நடுவில் தண்ணீர் செக்கச்செவேலென்று கொதித்தது. "மாமா, பெரிய விரால் ரெண்டு அடியில நிக்கிது. நல்ல தவளையா ஒண்ணு குடுங்க." அது விரால் குஞ்சுக் கூட்டம். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்த நேரத்தில் பசிக்காகப் பாயாது, குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் ஆத்திரத்தில் கடிக்கும். பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் குஞ்சுகளைக் கெளுத்தியும் கெண்டையும் கொக்கும் தின்று தீர்த்துவிடும்.

"அதுங்க வேண்டாம்டா, தை மாசம் வா" என்றேன். "அதுவரைக்கும் என்ன மாமா பண்றது?" என்றான். 10 நம்பர் முள்ளும் தக்கையும் கொடுத்து ஜிலேபி பிடிக்கச் சொன்னேன். தவளையை எடுத்து வைக்கச் சொல்லி 50 ரூபாய் முன்பணம் நீட்டினான். அவன் அப்பா வாங்கிப்போன தேங்காய் வடத்தில் 20 ரூபாய் பாக்கி இருந்தது. அதைக் கழித்துக்கொண்டு 30 என்று நோட்டில் எழுதினேன்.